அடியில் மிஞ்சும் கறுப்பு எண்ணெய் எங்கே போகிறது?

1990களில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு எண்ணெயைப் பற்றி யாரும் புதிதாகப் பாடம் எடுக்கத் தேவையில்லை. பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காமல் போன அந்த நாட்களில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. பொத்திப் பொத்தி வைத்திருந்த சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை இயக்குவோம். அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். வாகனம் போன பிறகும் ஒழுங்கை முழுக்கப் புகை நிற்கும். வீட்டிலோ, ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துத் தேக்கரண்டிக் கணக்கில் மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள்.

அன்று நாம் தேவைக்காகச் செய்ததற்குள் ஒரு விஞ்ஞானம் இருந்தது. மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் இலகுவில் ஆவியாகாது. அதனால்தான் தொடக்கத்துக்குப் பெற்றோல் வேண்டியிருந்தது. பழைய கார்களின் இயந்திரங்கள் எரிபொருளை அதிகம் அமுக்காதவை என்பதால்தான் இந்த மாற்று எண்ணெயையும் ஓரளவு தாங்கிக்கொண்டன. இன்றைய கார் ஒன்றில் இதைச் செய்திருந்தால் சில மைல்களிலேயே இயந்திரம் தட்டத் தொடங்கியிருக்கும்.

ஒரே பீப்பாயிலிருந்து வரும் எண்ணெய்கள் எல்லாம் ஒன்றல்ல. ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதற்கு விலை உண்டு. நாம் பட்டறிந்த இந்த உண்மைதான் இன்றைய உலக எண்ணெய்த் தொழிலின் மையத்திலும் இருக்கிறது. சுத்திகரிப்பு நிலையத்தின் அடியில் மிஞ்சும் மலிவான கறுப்பு எண்ணெயைத் தூய எரிபொருளாகவும் பிளாஸ்ரிக்குக்கான மூலப்பொருளாகவும் எப்படி மாற்றுகிறார்கள், மாற்றாமல் விட்டால் அது யாருடைய முற்றத்துக்குப் போய்ச் சேருகிறது என்பவற்றை இக்கட்டுரையில் பார்ப்போம்.

பீப்பாய்க்குள் என்ன இருக்கிறது?

ஒரு பீப்பாய் என்பது ஏறத்தாழ 159 லீற்றர். மசகு எண்ணெய் ஒரு தனிப் பொருள் அல்ல. காபனும் ஐதரசனும் சேர்ந்த பல்லாயிரம் வகை மூலக்கூறுகளின் கலவை அது. சிறிய மூலக்கூறுகள் குறைந்த வெப்பத்தில் ஆவியாகும், பெரியவை அதிக வெப்பத்தில் ஆவியாகும். சுத்திகரிப்பு நிலையத்தின் முதல் வேலை இந்த வேறுபாட்டைப் பயன்படுத்திப் பிரித்தெடுப்பதுதான். எண்ணெயைச் சூடாக்கி உயரமான கோபுரம் ஒன்றுக்குள் விடுவார்கள். உச்சியில் வாயுக்களும் பெற்றோல் வகைகளும், அதற்குக் கீழே மண்ணெண்ணெய், அதற்கும் கீழே டீசல் என்று தட்டுத் தட்டாகப் பிரியும்.

ஏறத்தாழ 350 பாகை செல்சியசுக்கு மேல் ஆவியாகாத பகுதி அடியில் தங்கும். அதை மேலும் சூடாக்கினால் பிரிவதற்குப் பதிலாக உடைந்து கருகத் தொடங்கிவிடும். ஆகவே அதை வேறொரு கோபுரத்துக்குக் கொண்டுபோய், உள்ளேயுள்ள அமுக்கத்தைக் குறைத்து, குறைந்த வெப்பத்திலேயே இன்னொரு பகுதியை ஆவியாக்கி எடுப்பார்கள். அதற்குப் பிறகும் ஆவியாக மறுத்து மிஞ்சுவதே அடிக்கசடு. குளிர்ந்தால் தார் போல இறுகும். மசகு எண்ணெயில் இருந்த கந்தகத்தின் பெரும்பங்கும் நிக்கல், வனேடியம் போன்ற உலோகங்களும் இதற்குள்தான் வந்து குவிகின்றன.

இந்தக் கசட்டைச் சற்று இளக்கி விற்பதுதான் உலை எண்ணெய். கப்பல்களிலும் தொழிற்சாலைக் கொதிகலன்களிலும் மின்நிலையங்களிலும் எரிப்பது இதைத்தான். கந்தகம் மிகுந்த உலை எண்ணெய் பொதுவாக மசகு எண்ணெயின் விலையைவிடக் குறைந்த விலைக்கே போகும். அதாவது, வெறுமனே பிரித்தெடுக்க மட்டும் தெரிந்த ஒரு சுத்திகரிப்பு நிலையம், காசு கொடுத்து வாங்கிய பொருளில் கணிசமான பங்கை வாங்கிய விலையிலும் குறைவாக விற்கிறது. பெற்றோலிலும் டீசலிலும் வரும் இலாபத்தில்தான் இந்த நட்டத்தை ஈடுகட்ட வேண்டும்.

இரண்டே வழிகள்

கசட்டின் பிரச்சினையை ஒரு வரியில் சொல்லலாம்: அதில் காபன் கூட, ஐதரசன் குறைவு. பெற்றோலும் டீசலும் ஐதரசன் நிறைந்தவை. ஆகவே கசட்டை உயர்த்துவதற்கு இரண்டே வழிகள்தான் உண்டு. ஒன்று, காபனை வெளியே எடுப்பது. மற்றது, ஐதரசனை உள்ளே சேர்ப்பது. உலகில் உள்ள அத்தனை பாரிய ஆலைகளும் இந்த இரண்டில் ஒன்றையோ இரண்டையுமோதான் செய்கின்றன.

முதல் வழி பழையது. அமெரிக்காவில் கார்கள் பெருகிப் பெற்றோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, வில்லியம் பேர்ட்டன் என்ற இரசாயனவியலாளர் கனமான எண்ணெயை அமுக்கத்தில் சூடாக்கி உடைக்கும் முறையை 1913இல் தொழில்முறைக்குக் கொண்டுவந்தார். ஒரு பீப்பாயிலிருந்து கிடைக்கும் பெற்றோலை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிய முறை அது. 1929இல் இன்டியானா மாநிலத்தின் வைற்றிங் நகரில் கசட்டை முற்றாகவே கருக்கிவிடும் முறை நடைமுறைக்கு வந்தது. கசட்டை ஏறத்தாழ 500 பாகைக்குச் சூடாக்கிப் பிரமாண்டமான கொள்கலன்களுக்குள் விடுவார்கள். இலேசான பகுதி ஆவியாகி மேலே போகும். எஞ்சும் காபன் கட்டி கட்டியாக அடியில் இறுகும். அடுப்பில் மறந்துபோன குழம்பு சட்டியின் அடியில் பிடிப்பது போலத்தான். அந்தக் கட்டிகளுக்குப் பெற்றோலியக் கோக் என்று பெயர். மிகுந்த அமுக்கத்தில் நீரைப் பாய்ச்சி அவற்றை வெட்டி வெளியேற்றுவார்கள்.

காபனை எடுக்கும் இன்னொரு முறை ஊக்கி கொண்டு உடைப்பது. பிரான்ஸ் நாட்டவரான யூஜின் ஹூட்ரி கண்டறிந்த முறையில் 1936இல் நியூ ஜேர்சியில் முதல் ஆலை இயங்கத் தொடங்கியது. பிறகு 1942இல் லூசியானாவின் பேற்றன் ரூஜ் நகரில் இதன் மேம்பட்ட வடிவம் வந்தது. அதில் ஊக்கி, நுண்ணிய மணல் போன்ற பொடியாக, எண்ணெய் ஆவியோடு சேர்ந்து ஓடுகிறது. சில விநாடிகளுக்குள் பெரிய மூலக்கூறுகள் உடைகின்றன. பொடியின் மேல் கரி படிகிறது. அந்தப் பொடியை இன்னொரு கலத்துக்குள் விட்டு, காற்றைச் செலுத்திக் கரியை எரித்துத் துப்புரவாக்கி, அதே சூட்டோடு மீண்டும் வேலைக்கு அனுப்புகிறார்கள். கரி எரியும் வெப்பமே அடுத்த சுற்று எண்ணெயை உடைக்கப் பயன்படுகிறது. இதே ஹூட்ரி, 1950களில் கார்ப் புகையைத் துப்புரவாக்கும் ஊக்கிக் கருவியைப் பற்றியும் ஆராய்ந்தார். இன்று எமது பெற்றோல் கார்களில் பெரும்பாலானவற்றின் அடியிலும் அதன் வழிவந்த கருவி ஒன்று இருக்கிறது.

ஆனால் ஊக்கிகளுக்கு ஒரு பலவீனம் உண்டு. கசட்டிலுள்ள நிக்கலும் வனேடியமும் அவற்றைக் கெடுத்துவிடும். அதனால் மிகமோசமான அடிக்கசட்டை நேரே ஊக்கியிடம் கொடுக்க முடிவதில்லை. அதை முதலில் கருக்க வேண்டும், அல்லது இரண்டாவது வழிக்கு அனுப்ப வேண்டும்.

அந்த இரண்டாவது வழி ஐதரசன். ஏறத்தாழ 400 பாகை வெப்பத்தில், வளிமண்டலத்தைப்போல் நூறு முதல் இருநூறு மடங்கு வரையான அமுக்கத்தில், ஊக்கியின் துணையோடு எண்ணெய்க்குள் ஐதரசனைச் செலுத்துகிறார்கள். மூலக்கூறு உடையும்போது வெறுமையாகும் முனைகளில் ஐதரசன் போய் ஒட்டிக்கொள்கிறது. கரி விழுவது குறைகிறது, தரமான டீசலும் விமான எரிபொருளும் கிடைக்கின்றன. செலவு பெரிது. இவ்வளவு அமுக்கத்தைத் தாங்கும் தடித்த உருக்குக் கலங்களும், ஐதரசனைத் தயாரிக்கத் தனி ஆலையும் வேண்டும்.

கந்தகம் போகும் வழி

தூய எரிபொருள் என்று சொல்லும்போது முதலில் வருவது கந்தகம். எரியும்போது அது கந்தகவீரொட்சைட்டாகி மூச்சுக்குழாயைத் தாக்குகிறது, மழையை அமிலமாக்குகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2009ஆம் ஆண்டிலிருந்து வாகன டீசலில் பத்து இலட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் கந்தகம் இருக்கக்கூடாது. கப்பல் எரிபொருளில் நூற்றுக்கு 3.5 வீதம் வரை இருக்கலாம் என்ற சர்வதேச விதி, 2020 ஜனவரி 1 முதல் 0.5 வீதமாகக் குறைக்கப்பட்டது. வட கடல், பால்டிக் கடல், வட அமெரிக்கக் கரையோரம் ஆகிய பகுதிகளில் 2015 முதலே 0.1 வீதம்தான். உலை எண்ணெயின் மிகப்பெரிய வாடிக்கையாளர்கள் கப்பல்கள் என்பதால், கசட்டை என்ன செய்வது என்ற கேள்வி சுத்திகரிப்பு நிலையங்களின் கழுத்தை நெரித்தது. இதை எதிர்பார்த்தே பெல்ஜியத்தின் அன்ற்வேர்ப் நகரில் எக்ஸன்மொபில் நிறுவனம் நூறு கோடி டொலருக்கு மேல் செலவிட்டு, நாளொன்றுக்கு 50,000 பீப்பாய் கசட்டைக் கையாளும் கோக் ஆலையை 2018இல் இயக்கியது.

எடுத்த கந்தகம் எங்கே போகிறது? ஐதரசனோடு சேர்ந்து அழுகிய முட்டை நாற்றமுள்ள நச்சு வாயுவாக வெளிவருகிறது. அதன் ஒரு பகுதியை எரித்து, மீதியோடு வினைபுரியவிட்டுத் திடக் கந்தகமாக மாற்றுகிறார்கள். வன்கூவர் நகரில் ஸ்ரான்லி பூங்காவுக்குப் போன எம்மவர்கள், நீருக்கு அப்பால் பளிச்சென்ற மஞ்சள் குவியல் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அது மேற்குக் கனடாவின் வாயு, எண்ணெய்த் தொழில்களிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு ஏற்றுமதிக்காகக் காத்திருக்கும் கந்தகம். அதிலிருந்து கந்தக அமிலமும், அமிலத்திலிருந்து பொசுபேற்று உரமும் செய்கிறார்கள். காற்றில் கலந்திருந்தால் நஞ்சாகியிருக்கும் பொருள் பயிருக்கு உரமாகிறது. இது இந்தத் தொழிலின் நல்ல பக்கம்.

கசட்டிலிருந்து அரிசிப் பைக்கு

உடைக்கும் ஆலைகளிலிருந்து பெற்றோலும் டீசலும் மட்டும் வருவதில்லை. ஊக்கி முறையில் புரொப்பிலீன் என்ற வாயுவும் கணிசமாகக் கிடைக்கிறது. அதிலிருந்து செய்வதுதான் பொலிப்புரொப்பிலீன். எமது கடைகளில் அடுக்கிவைத்திருக்கும் அரிசிப் பைகளின் நெய்த பிளாஸ்ரிக், உணவை அடைத்துக் கொடுக்கும் பெட்டிகள், முகக்கவசத் துணி எல்லாம் அதன் பிள்ளைகள். நெப்தா என்ற இலேசான பகுதியிலிருந்து எதிலீனும் பென்சீனும் பெறப்படுகின்றன. மின்சாரக் கார்கள் பெருகப் பெருகப் பெற்றோலின் தேவை மெல்ல மெல்லக் குறையும், ஆனால் பிளாஸ்ரிக்கின் தேவை உடனே குறையாது என்ற கணக்கில்தான் பல நிறுவனங்கள் எரிபொருளிலிருந்து இரசாயனப் பொருட்களின் பக்கம் திரும்புகின்றன.

அழுக்கு மறைவதில்லை

இவ்வளவையும் வாசித்துவிட்டு, மலிவான கறுப்பு எண்ணெய் நல்ல பொருளாகிவிட்டது, பிரச்சினை முடிந்தது என்று நாம் நினைத்துவிடக்கூடாது. காபனை வெளியே எடுத்தால் அந்தக் காபன் எங்கோ இருக்கத்தான் செய்யும். ஐதரசனை உள்ளே சேர்த்தால் அதை எதிலிருந்தோ எடுக்கத்தான் வேண்டும்.

ஐதரசனின் பெரும்பகுதி இன்று இயற்கை வாயுவிலிருந்தே தயாராகிறது. ஒரு தொன் ஐதரசனுக்கு 9 முதல் 10 தொன் வரை காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. எமது தெருவில் புகை குறைகிறது. ஆலையின் புகைபோக்கியில் கூடுகிறது.

கோக்கின் கதை இன்னும் வெளிப்படையானது. அல்பேட்டாவின் போர்ட் மக்மறி பகுதியில் 1967இல் தொடங்கிய முதலாவது பாரிய எண்ணெய்மணல் ஆலையே கோக் முறையில்தான் இயங்கியது. அந்த மாகாணத்தின் கன எண்ணெய் அமெரிக்காவுக்கும் போகிறது. 2013இல் டெட்ரோயிட் ஆற்றங்கரையில் மலைபோல் பெற்றோலியக் கோக் குவிக்கப்பட்டது. அதன் தூசு குடியிருப்புகளுக்குள் பறந்தது. ஆற்றின் அக்கரையில் ஒன்ராறியோவின் வின்சர் நகரம். மக்கள் எதிர்த்து நின்ற பிறகே அந்தக் குவியல்கள் அகற்றப்பட்டன. அமெரிக்கக் கோக் பெருமளவில் இந்தியாவுக்கும் ஏற்றுமதியானது. அங்கே டெல்லியைச் சூழ்ந்த காற்று மோசமானபோது, 2017இல் இந்திய உச்சநீதிமன்றம் உத்தரப் பிரதேசம், ஹரியானா, ராஜஸ்தான் மாநிலங்களில் பெற்றோலியக் கோக்கையும் உலை எண்ணெயையும் எரிப்பதற்குத் தடை விதித்தது.

கப்பல்களின் நிலையும் முழுக்கத் தூய்மையானதல்ல. புகைபோக்கியில் கழுவும் கருவி பொருத்தியிருந்தால் பழைய கந்தக எண்ணெயையே எரிக்கலாம் என்று விதி இடமளிக்கிறது. பல கருவிகளில் கழுவிய நீர் கடலுக்கே போகிறது.

கவனித்துப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. சட்டமும் நீதிமன்றமும் பத்திரிகையும் பலமாக உள்ள இடத்திலிருந்து, அவை பலவீனமான இடத்தை நோக்கி அடிக்கசடு நகர்கிறது.

சுன்னாகத்துக் கிணறுகள்

இது எமக்குத் தூரத்துக் கதையல்ல. யாழ். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளில் தேங்கும் மழைநீரே எமது கிணற்று நீர். அந்தப் பாறைக்குள் மேலிருந்து எது இறங்கினாலும் வடிகட்டப்படாமலே பரவிவிடும். போர்க்காலத்தில் தேசிய மின் வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்த குடாநாட்டுக்கு, எண்ணெயில் இயங்கும் மின்பிறப்பாக்கிகள்தான் வெளிச்சம் தந்தன.

கனமான எண்ணெயை இயந்திரத்துக்குள் விடுமுன் சூடாக்கி, அதிலுள்ள நீரையும் சேற்றையும் பிரிக்க வேண்டும். ஆகவே அத்தகைய எண்ணெயை எரிக்கும் எந்த மின்நிலையத்திலும் எண்ணெய்ச் சேறும் கழிவு எண்ணெயும் மிஞ்சும். அவற்றை எங்கே, எப்படி வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சுன்னாகம் மின்நிலையச் சூழலில் கிணறுகளில் எண்ணெய் படர்ந்தது. தலைமுறைகள் குடித்த தண்ணீரை முகர்ந்து பார்த்து ஒதுக்கவேண்டிய நிலை வந்தது. பவுசரில் வரும் தண்ணீருக்காக மக்கள் குடத்தோடு காத்து நின்றார்கள். வழக்கு உயர்நீதிமன்றம் வரை போனது. 2019 ஏப்ரலில், அங்கு மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்க வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது நல்லது. ஆனால் பாறைக்குள் இறங்கிய எண்ணெய்க்குத் தீர்ப்பு தெரியாது.

நாளை என்ன?

இலங்கையில் உள்ள ஒரே சுத்திகரிப்பு நிலையம் சபுகஸ்கந்தையில் 1969இல் இயங்கத் தொடங்கியது. அதன் இன்றைய கொள்ளளவு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50,000 பீப்பாய். பிரித்தெடுப்பதையே முதன்மை வேலையாகக் கொண்ட பழைய வகை ஆலை அது. கசட்டை ஆழமாக உடைக்கும் வசதி இல்லாததால் அதன் உற்பத்தியில் உலை எண்ணெயின் பங்கு பெரிது. 2021 நவம்பரில் மசகு எண்ணெய் வாங்க டொலர் இல்லாமல் அந்த ஆலையே மூடப்பட்டதும், 2022இல் எமது உறவுகள் பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாள்கணக்கில் வரிசையில் நின்றதும் எல்லோருக்கும் தெரியும். அரிய டொலரைக் கொடுத்து வாங்கும் ஒரு பீப்பாயிலிருந்து எவ்வளவு டீசல் எடுக்க முடிகிறது என்பது, அப்படிப்பட்ட நாட்டில் வெறும் பொறியியல் கேள்வி அல்ல, வயிற்றுக் கேள்வி.

2025 ஜனவரியில் சீனாவின் சினொபெக் நிறுவனத்தோடு அம்பாந்தோட்டையில் புதிய சுத்திகரிப்பு நிலையம் அமைக்க ஒப்பந்தம் கையெழுத்தானது. முதலீடு 370 கோடி டொலர், கொள்ளளவு நாளொன்றுக்கு 200,000 பீப்பாய் என்று அறிவிக்கப்பட்டது. இப்படியான திட்டம் எங்கே வந்தாலும், தாயகத்திலானாலும் நாம் வாழும் நாட்டிலானாலும், கேட்கவேண்டிய கேள்விகள் ஒன்றுதான். அடிக்கசட்டை என்ன செய்வீர்கள்? கோக்கை எங்கே குவிப்பீர்கள், யாருக்கு விற்பீர்கள்? கந்தகம் எங்கே போகும்? கழிவு எண்ணெயை வைக்கும் இடத்துக்கும் அடுத்த கிணற்றுக்கும் இடையில் எவ்வளவு தூரம்? இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் இல்லாத திட்டம், எத்தனை பெரிய தொகையைச் சொன்னாலும், பாதித் திட்டம்தான்.

புலம்பெயர் நாடுகளில் எமது பிள்ளைகள் பலர் இரசாயனப் பொறியியலும் சுற்றுச்சூழல் சட்டமும் படிக்கிறார்கள். நீரைச் சோதிக்கவும், அறிக்கையை வாசித்து அதில் விடுபட்டதைச் சுட்டவும் தெரிந்த தலைமுறை அது. அவர்களிடம் தாயகத்தைப் பற்றிப் பேசும்போது போரைப் பற்றி மட்டுமன்றி, ஜாம் போத்தல் விளக்கைப் பற்றியும் சுன்னாகத்துக் கிணற்றைப் பற்றியும் பேசுவோம். ஒரு துளி எண்ணெயின் அருமையும் அதே ஒரு துளியின் ஆபத்தும் எமக்கு ஒரே மண்ணில்தான் தெரியவந்தன. அந்த இரண்டு அனுபவங்களும் அவர்கள் கையிலுள்ள படிப்போடு சேர வேண்டும்.